உறையூர் அவையமும் வாதப் பிழைகளும்

உறையூர் அவையம் என்பது சங்க காலச் சோழர்களின் தலைநகரான உறையூரில் இருந்த அறங்கூறும் அவை ஆகும். சோழரின் உறந்தையில் அறம் நிலைபெற்றிருந்தது என்ற புகழ் சங்கப் பாடல்களில் பல இடங்களில் வருகிறது. புறநானூற்றின் 39ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார் இந்த அவையத்தைக் குறிப்பிடுகிறார். அங்கு அறம் நிலைத்திருப்பது சோழனுக்குத் தனிப் புகழ் அன்று, அது இயல்பாகவே எதிர்பார்க்கப்படுவது என்பது அவர் கருத்து.

உறையூரோடும் உறையூரை ஆண்ட சோழரோடும் தொடர்புடைய சில வாதங்கள் புறநானூற்றில் பதிவாகியுள்ளன. அவற்றுள் சில, ஒருவரின் உயிர் போகுமா நிற்குமா என்ற நிலையில் சொல்லப்பட்டவை. இக்கட்டுரை அவ்வாதங்களை அளவை நூலின் துணையோடு ஆராய்கிறது. ஒரு முடிவுக்குக் காட்டப்படும் காரணம் எப்போது போதுமானது, எப்போது போதாது என்பதே இங்கு கேள்வி.

ஊரும் சான்றுகளும்

உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. காவிரியின் தென்கரையில் உள்ளது. உறந்தை, கோழி என்பன இதன் பழம்பெயர்கள். கரிகாலன் இவ்வூரை வளப்படுத்தியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சங்கப் புலவர் பலர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஆகியோருடன், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்ற மருத்துவரும், உறையூர் இளம்பொன் வாணிகனார் என்ற பொன் வணிகரும் அவர்களுள் அடங்குவர். தொழில் செய்வோரும் புலமை பெற்றிருந்த ஊர் இது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் உள்ள கொளுக்கள், பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், சூழல் என்ன என்பவற்றைத் தெரிவிக்கின்றன. அவை பாடலைத் தொகுத்தோர் எழுதிய குறிப்புகள். பாடலின் பகுதி அல்ல. கீழே வரும் நிகழ்ச்சிகளில் மன்னர் பெயர்கள் பெரும்பாலும் கொளுக்களிலிருந்தே கிடைக்கின்றன. வாதத்தின் உள்ளடக்கம் பாடலிலேயே உள்ளது. எனவே வாதத்தை நாம் நேரடியாக ஆராயலாம்; சூழலைக் கொளுவின் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறோம்.

அளவை நூலின் அடிப்படை

தமிழில் வாத நெறியை விரிவாகச் சொல்லும் பழைய நூல் மணிமேகலை. அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம் கற்பிக்கிறார். இப்பகுதி, திக்நாகர் மரபைச் சேர்ந்த சங்கரசுவாமியின் ‘நியாயப் பிரவேசம்’ என்ற வடமொழி நூலோடு நெருங்கிய ஒற்றுமை உடையது என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

ஒரு வாதத்துக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. பக்கம் என்பது நிறுவ வேண்டிய கூற்று. ஏது என்பது அதற்குக் காட்டும் காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. ‘அந்த மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம். ‘புகை இருப்பதால்’ என்பது ஏது. ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்ற மற்ற இரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறது மணிமேகலை.

இம்மூன்றும் சரியானவை போலத் தோன்றிப் பிழைபடுவதே போலி. பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி மூன்று பெரும் வகை, திட்டாந்தப் போலி பத்து என்று அந்நூல் பகுக்கிறது. ஏதுப் போலியின் மூன்று வகைகளை எளிமையாக இவ்வாறு சொல்லலாம்.

அசித்தம்: காட்டிய காரணமே அங்கு இல்லை. மலையில் தெரிந்தது புகையன்று, பனிமூட்டம் என்றால் நெருப்பு உண்டு என்ற வாதம் நில்லாது.

அநைகாந்திகம்: காரணம் உண்டு, ஆனால் அது முடிவு உள்ள இடத்திலும் இருக்கும், இல்லாத இடத்திலும் இருக்கும். எனவே அது எதையும் உறுதி செய்யாது.

விருத்தம்: காட்டிய காரணம் எதிர்மாறான முடிவையே நிறுவுகிறது.

கிரேக்க நாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வாதப் போலிகளைப் பதின்மூன்றாக வகுத்தார். பெயர்களும் எண்ணிக்கையும் வேறுபட்டாலும், இரு மரபுகளும் செய்த வேலை ஒன்றே: நம்பத்தக்கது போலத் தோன்றும் காரணத்தை உண்மையான காரணத்திலிருந்து பிரித்துக் காட்டுவது.

உறையூர் நிகழ்ச்சிகள் மணிமேகலைக்கு முற்பட்டவை. கோவூர் கிழார் போன்ற புலவர்கள் இந்தக் கலைச்சொற்களைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் அவர்கள் கண்டு திருத்திய பிழைகள் இவையே.

இளந்தத்தன் வழக்கு

சோழர் குடியில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டிருந்த காலம். நெடுங்கிள்ளி உறையூரில் இருந்தான். நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்குள் வந்தார். அவர் ஒற்றர் என்று கருதிய நெடுங்கிள்ளி அவரைக் கொல்ல முற்பட்டான். அப்போது கோவூர் கிழார் பாடிய பாடலே புறநானூறு 47. அவர் அப்புலவரின் உயிரைக் காத்தார் என்கிறது கொளு.

மன்னனின் வாதத்தை உறுப்புகளாகப் பிரித்தால் இப்படி அமையும். பக்கம்: இளந்தத்தன் ஒற்றன். ஏது: பகைவனிடமிருந்து வந்ததால். திட்டாந்தம்: முன்பு அவ்வாறு வந்து பிடிபட்ட ஒற்றர்களைப் போல.

இதில் காரணம் பொய்யன்று. புலவர் நலங்கிள்ளியிடமிருந்து வந்தது உண்மை. ஆகவே இது அசித்தம் அன்று. பிழை வேறு இடத்தில் உள்ளது. பகைவன் நாட்டிலிருந்து வருவது ஒற்றனுக்கும் பொருந்தும். உப்பு விற்பவனுக்கும், பாணனுக்கும், உறவினரைக் காண வருபவனுக்கும் பொருந்தும். ஒற்றர் எல்லாரும் பகைவனிடமிருந்து வருவர் என்பதால், பகைவனிடமிருந்து வருபவர் எல்லாரும் ஒற்றர் ஆகிவிட மாட்டார். இது அநைகாந்திகம். காய்ச்சல் உள்ளவர் உடல் சுடும் என்பது சரி. வெயிலில் நின்றவர் உடலும் சுடும்.

கோவூர் கிழார் இதை எதிர்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. ‘இவர் ஒற்றர் அல்லர்’ என்று அவர் சத்தியம் செய்யவில்லை. அதை நிறுவ அவரிடம் வழியும் இருந்திராது. அதே செய்திக்கு வேறொரு விளக்கம் உண்டு என்று காட்டினார். வள்ளல்களைத் தேடிப் பறவைகளைப் போல நெடுவழி கடந்து செல்வது புலவரின் வாழ்க்கை. பெற்றதைக் கொண்டு சுற்றத்தை உண்பித்து, தாமும் உண்டு, சேர்த்து வைக்காமல் பிறருக்கும் கொடுப்பவர்கள் அவர்கள். இத்தகைய வாழ்க்கையால் பிறருக்கு என்ன தீங்கு என்று கேட்டார். வாதில் எதிர்ப்பட்ட புலவரை நாணச் செய்வதைத் தவிர வேறு தீங்கு இல்லை என்றார்.

ஒரே செய்திக்கு இரண்டு விளக்கங்கள் பொருந்துமானால், அச்செய்தி மட்டும் ஒன்றைத் தேர்ந்து கொடுக்காது. மேலும் சான்று வேண்டும். அச்சான்றைத் தர வேண்டியவர் குற்றம் சாட்டியவரே. குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர். தண்டனை கொலையாக இருக்கும்போது இந்த விதி இன்னும் அழுத்தம் பெறுகிறது. தவறாக விடுவித்த ஒற்றனை மீண்டும் கண்காணிக்கலாம். தவறாகக் கொன்ற புலவனை மீட்க முடியாது.

மலையமான் மக்கள்

உறையூரை ஆண்ட சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முற்பட்டான். அங்கும் கோவூர் கிழார் குறுக்கிட்டார். இது புறநானூறு 46.

‘பகைவனின் பிள்ளைகள், ஆகவே பகைவர்’ என்பது இங்குள்ள வாதம். ஒருவர் செய்த செயலின் பொறுப்பை, அவரோடு உறவுடையவர் என்பதாலேயே இன்னொருவர் மீது ஏற்றுவது இது. இன்றும் ஊர்ச் சண்டைகளிலும் தேர்தல் மேடைகளிலும் இதைக் காணலாம்.

கோவூர் கிழார் இதற்குக் கண்முன் இருந்த காட்சியையே விடையாக்கினார். அழுதுகொண்டிருந்த அச்சிறுவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தனர். பிறகு மன்றத்தில் கூடியிருந்தோரைக் கண்டு புதிதாக அஞ்சினர். தம்மைக் கொல்ல வந்த விலங்கை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்குப் பகை என்பதே தெரியாது. ‘இவர்கள் பகைவர்’ என்ற கூற்று கண்ணால் காண்பதோடே முரண்படுகிறது. மணிமேகலை இவ்வகையைப் பிரத்தியக்க விருத்தம் என்ற பக்கப் போலியாகக் கூறும்.

அதே பாடலில் அவர் மன்னனின் குலப் பெருமையையும் நினைவூட்டுகிறார். புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்கிறார். மாணவர் ஒருவர் இங்கே நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்கலாம். பிள்ளைகளைத் தந்தையை வைத்து மதிப்பிடுவது பிழை என்றால், மன்னனை முன்னோனை வைத்து மதிப்பிடுவது மட்டும் சரியா?

வேறுபாடு உண்டு. முன்னோன் இரக்கம் உள்ளவன், எனவே நீயும் இரக்கம் உள்ளவன் என்று முடிவு கட்டியிருந்தால் அது பிழையே. புலவர் செய்தது அதுவன்று. அந்த மரபைத் தன் பெருமையாக ஏற்றுக்கொண்டவன் மன்னன். தான் ஏற்ற அளவுகோலுக்குத் தன் செயல் பொருந்துகிறதா என்று அவனையே பார்க்கச் சொன்னார். அவன் முன்னோன் யார் என்பதைக் கொண்டு ஒரு செய்தியை நிறுவவில்லை. ஒரு கடமையை நினைவூட்டினார். கேட்க வேண்டியதைச் சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிவையும் அவனிடமே விட்டார்.

முற்றுகையில் சொன்ன சொல்

நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டான். நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தான். அப்போது கோவூர் கிழார் இருவருக்கும் சொன்னது புறநானூறு 45. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரன் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் சோழருக்குரிய ஆத்தியே. எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடி. இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை. ஆகவே இப்போர் குடிக்குப் பொருந்தாது. பிற வேந்தரே இதைக் கண்டு மகிழ்வர்.

இந்த வாதம் படிப்படியாக நிற்கிறது. இருவரும் ஒரே குடி. போரில் ஒருவர் தோற்பார். ஆகவே குடி தோற்கும். குடியின் நலமே நோக்கம் என்றால் போர் கூடாது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வருகிறது.

ஆனால் சரியான வாதம் கேட்பவரை மாற்றியே தீரும் என்பதில்லை. நெடுங்கிள்ளி பின்னர் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்ற அடைமொழியால் அறியப்படுகிறான். காரியாற்றில் இறந்தவன் என்பது அதன் பொருள். வாதத்தின் வலிமையை அது பெற்ற வெற்றியால் அளக்கக் கூடாது.

கோப்பெருஞ்சோழனின் இரண்டு முடிவுகள்

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் மீது அவன் மக்களே படையெடுத்தனர். அவனும் போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்துக் கூறியது புறநானூறு 213. உனக்குப் பின் இந்த ஆட்சி அவர்களுக்கே உரியது. அவர்கள் தோற்றால் இச்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய்? நீ தோற்றால் உன் பகைவர் மகிழ்வர், பழி எஞ்சும். ஆகவே போர் வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சுருக்கம்.

இது இருதலை வாதம். எந்தப் பக்கம் போனாலும் இழப்பே என்று காட்டுவது. இவ்வகை வாதத்தை ஆராயும்போது முதலில் கேட்க வேண்டியது, மூன்றாவது வழி மறைக்கப்பட்டுள்ளதா என்பதே. ‘இந்தக் கடனை வாங்கு, இல்லையேல் கடையை மூடு’ என்று சொல்பவர், செலவைக் குறைக்கும் மூன்றாவது வழியை மறைக்கிறார். அது போலி. எயிற்றியனார் மறைக்கவில்லை. போருக்குள் வெற்றி, தோல்வி இரண்டையும் எடுத்து இரண்டும் கேடு என்று காட்டி, போரை விட்டுவிடும் மூன்றாவது வழியைத் திறந்துவிட்டார். கோப்பெருஞ்சோழன் போரைக் கைவிட்டு வடக்கிருந்தான்.

வடக்கிருந்தபோது அவனே பாடியது புறநானூறு 214. பயன் உறுதியில்லாத நல்வினையைச் செய்வதா என்று ஐயுறுவோருக்கு அது விடை. யானை வேட்டைக்குப் போனவன் யானையைப் பெறலாம். காடை பிடிக்கப் போனவன் வெறுங்கையோடும் திரும்பலாம். ஆகவே நோக்கம் உயர்ந்ததாக இருக்கட்டும். நல்வினைக்குப் பயன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கும். அது இல்லையென்றால் மீண்டும் பிறவாமை கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றாலும் பழியற்ற புகழ் நிற்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இறைநம்பிக்கை குறித்து இதே அமைப்பில் ஒரு வாதத்தை முன்வைத்தார். உண்மை எதுவாயினும், ஒவ்வொரு நிலையிலும் என்ன கிடைக்கும் என்று பார்த்து முடிவெடுப்பது இதன் முறை. ‘உறுதியில்லை, ஆகவே செய்யாதே’ என்பது பிழையான காரணம் என்பதை உறையூர் மன்னன் தெளிவாகக் கண்டிருந்தான்.

இந்த வாதத்தைத் தவறாகக் கையாளவும் முடியும். முழு முதலையும் ஒரே சரக்கில் போடும் வணிகர், ‘யானை வேட்டைக்கே போகிறேன்’ என்று சொல்லலாம். மன்னன் கணக்கில் மூன்று நிலைகளிலும் இழப்பு இல்லை. அதனால் அவன் முடிவு நிற்கிறது. வணிகரின் கணக்கில் சரக்கு விற்காமல் போகும் நிலை ஒன்று உண்டு. அதில் கடன் மிஞ்சும். அந்த நிலையை எழுதாமல் உவமையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது திட்டாந்தப் போலி.

நரைமுடியும் தீர்ப்பும்

கரிகாலன் இளைஞனாக இருந்தபோது, முதியோர் இருவர் வழக்கோடு வந்து, இவ்வளவு இளையவன் எப்படித் தீர்ப்பான் என்று ஐயுற்றனர் என்பது பழங்கதை. அவன் நரைமுடி அணிந்து முதியவனாக வந்து தீர்ப்புச் சொன்னான். பழமொழி நானூறு இக்கதையைக் கூறுகிறது.

முதியோரின் பிழை வெளிப்படையானது. தீர்ப்பு சரியா என்று பார்க்காமல் தீர்ப்பவரின் வயதைப் பார்த்தனர். முடியின் நிறம் மாறியதால் தீர்ப்பின் தரம் மாறவில்லை. ‘நேற்றுப் பிறந்தவனுக்கு என்ன தெரியும்’ என்பதும், ‘பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆசிரியராக இருந்தோர் இரண்டாவது முகத்தைக் குறித்து மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டும். வகுப்பில் அதுவே நமக்கு வசதியானது.

வாணிக உறையூர்: சான்றும் ஊகமும்

இப்பிழைகள் வரலாற்று எழுத்திலும் நுழையும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கையேடு, கடற்கரையிலிருந்து உள்நாட்டில் உள்ள அர்கரு என்ற இடத்தின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அர்கரு என்பது உறையூரே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

பெயர் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றானால் அது அநைகாந்திகமே. ஒலி ஒத்த ஊர்கள் பல இருக்கும். ஆனால் இங்கு வேறு சான்றுகளும் சேர்கின்றன. உறையூர் உள்நாட்டு நகரம், சோழர் தலைநகரம். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நடத்திய அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், வெளிநாட்டு வணிகத் தொடர்பைக் காட்டும் மட்கலங்களும், துணிக்குச் சாயமேற்றும் தொட்டி என்று கருதப்படும் செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. தனித்தனியே போதாத காரணங்கள் ஒரே பக்கம் சுட்டும்போது முடிவு வலுப்பெறுகிறது.

அதே சமயம், இன்றும் உறையூரில் கைத்தறி இருக்கிறது, ஆகவே அர்கருத் துணி நெய்தோரின் வழியினரே இன்றைய நெசவாளர் என்று சொல்வது வேறு. இடையில் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் உள்ளன. தொடக்கமும் முடிவும் ஒத்திருப்பது நடுவில் அறுபடாத தொடர்ச்சி இருந்தது என்பதற்குச் சான்றாகாது. ஊர்ப்பற்று அப்படிச் சொல்லத் தூண்டும். அளவை நூல் தடுக்கும்.

வாதத்தை ஆராயும் முறை

அவையில் விடை கூறுவதற்கு அளவையைக் கற்க வேண்டும் என்று திருக்குறளின் அவையறிதலை அடுத்த ‘அவையஞ்சாமை’ அதிகாரம் வலியுறுத்துகிறது. பரிமேலழகர் அதை அளவை நூல் என்றே விளக்குகிறார். மேற்கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து ஐந்து கேள்விகளைத் தொகுக்கலாம்.

1. காட்டிய காரணம் உண்மையில் இருக்கிறதா?
2. அதே காரணம் வேறு முடிவுக்கும் பொருந்துமா?
3. ஒருவர் செயலை இன்னொருவர் மீது ஏற்றுகிறோமா?
4. இரண்டே வழிகள் என்று சொல்லப்படும்போது மூன்றாவது வழி மறைந்துள்ளதா?
5. சொல்லப்பட்டதைப் பார்க்கிறோமா, சொன்னவரைப் பார்க்கிறோமா?

இவற்றுள் இரண்டாவது கேள்வியைக் கேட்க ஒருவர் உறையூரில் இருந்ததால் இளந்தத்தன் உயிர் பிழைத்தார். வெளியூரிலிருந்து வந்தவர், வேற்று மொழி பேசுபவர், யாருடனோ காணப்பட்டவர் என்ற காரணங்களால் ஒருவர் மீது ஐயம் எழுப்பப்படும்போது, செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் நாம் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.